ஒன்பது பேருக்குச் சொல்லப்படாதது
ஜூரி நீதியின் கதை – 17

பாகவதர், கலைவாணர் வழக்கில் ஜூரர்கள் பெரும்பான்மையாகக் ‘குற்றவாளிகள்’ என்றார்கள். ஜூரர்களின் முடிவைத் திருத்தத் தனக்கு இருந்த அதிகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிப் புரிந்துகொண்டுவிட்டது என்று சொல்லி லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1947இல் இருவரும் வெளியே வந்தார்கள். அதெல்லாம் முன்பே பார்த்தாயிற்று. இந்த வாரம் பம்பாய். இங்கே எல்லாம் தலைகீழ். ஜூரர்கள் ‘குற்றவாளி இல்லை’ என்றார்கள். வழக்கு மேலே போனதும் ஆயுள் தண்டனை வந்து சேர்ந்தது.

நானாவதி வழக்கின் கதை பலருக்கும் தெரியும். 2016இல் ‘ருஸ்தம்’ என்று அதைத் தழுவி இந்திப் படமே வந்தது. ஆகவே சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன்.

கவாஸ் மானெக்‌ஷா நானாவதி, ஐ.என்.எஸ். மைசூர் போர்க்கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி. பார்சி. மனைவி சில்வியா ஆங்கிலேயப் பெண். 1949இல் இங்கிலாந்தில் பதிவுத் திருமணம். மூன்று குழந்தைகள். 1959 ஏப்ரலில் கப்பல் பம்பாய் திரும்பியது. வீட்டில் மனைவியின் முகமே சரியில்லை. ஏப்ரல் 27ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வற்புறுத்திக் கேட்டபோது, குடும்ப நண்பரான பிரேம் அஹுஜாவோடு தனக்கு இருந்த உறவை அவர் ஒப்புக்கொண்டார். அப்போது மணி ஒன்றரை இருக்கும்.

நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் காரில் ஏற்றி மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நேராகக் கப்பலுக்குப் போனார். இரவில் தனியாக அகமதுநகர் வரை கார் ஓட்டப் போவதாகச் சொல்லி, ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கிக்கொண்டார். பழுப்பு நிறக் காகித உறை ஒன்றில் ரிவால்வரைப் போட்டார். அஹுஜாவின் கார் ஷோரூமுக்குப் போனால் அங்கே ஆள் இல்லை. செதல்வாட் சாலையில் இருந்த அவர் குடியிருப்புக்குப் போனார். அஹுஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு படுக்கையறையில் நின்றிருந்தார். நானாவதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மூன்று குண்டுகள் வெடித்தன. மணி நாலு இருபது. விழுந்து கிடந்த அஹுஜாவின் இடுப்பில் துண்டு கட்டியது கட்டியபடி இருந்தது. அங்கேயே கிடந்த காகித உறையில் நானாவதியின் பெயர் எழுதியிருந்தது. அன்றைக்கே துணை போலீஸ் கமிஷனர் லோபோவிடம் போய்ச் சரணடைந்தார்.

இதெல்லாம் எந்தப் பத்திரிகையின் பழைய கட்டைப் பிரித்தாலும் கிடைக்கும். நமக்கு வேண்டியது நீதிமன்றத்துக்குள் நடந்தது.

செஷன்ஸ் நீதிபதி ரதிலால் பாய்சந்த் மேத்தா. எதிரே ஒன்பது ஜூரர்கள். குற்றச்சாட்டு இரண்டு: பிரிவு 302இன்படி கொலை, அல்லது பிரிவு 304, முதல் பகுதியின்படி கொலைக்குக் குறைந்த மரணக் குற்றம். நானாவதியின் தரப்பு சொன்ன கதை இது: ‘இவளைக் கல்யாணம் செய்துகொண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாயா?’ என்று அவர் கேட்டார். அஹுஜா கேவலமாகப் பதில் சொன்னார். நானாவதி உறையைப் பக்கத்தில் இருந்த அலமாரி மேல் வைத்துவிட்டுக் கையை ஓங்கினார். அஹுஜா உறையைப் பறிக்கப் பாய்ந்தார். இழுபறியில் குண்டு தானாக வெடித்தது. ஆகவே இது விபத்து. வாதாடியவர் கார்ல் கண்டலாவாலா. சட்டத்துக்கு வெளியே இந்திய ஓவியக் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

வெளியே ஊரே நானாவதி பக்கம். கரஞ்சியாவின் ‘பிளிட்ஸ்’ வார இதழ் வாரந்தோறும் அவருக்காக முரசு கொட்டியது. கால் ரூபாய் இதழ் இரண்டு ரூபாய்க்குக் கை மாறியது என்றும், தெருவோரத்தில் ‘நானாவதி துப்பாக்கி’, ‘அஹுஜா துண்டு’ என்று கூவி விற்றார்கள் என்றும் சொல்வார்கள்.

அக்டோபரில் ஜூரர்கள் முடிவைச் சொன்னார்கள். எட்டுக்கு ஒன்று: கொலையும் இல்லை, அதற்குக் குறைந்த குற்றமும் இல்லை. எந்தக் குற்றமும் இல்லை.

இங்கிலாந்தாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அன்று அங்கே ஜூரர்கள் விடுவித்தால் விடுவித்ததுதான், கேள்வி இருக்கவில்லை. இந்தியாவில் ஆங்கிலேய அரசு ஜூரியைக் கொடுத்த கையோடு, அதற்கு மேல் ஒரு கயிற்றையும் கட்டி வைத்தது. அதன் பெயர் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 307. ஜூரர்களின் முடிவோடு செஷன்ஸ் நீதிபதிக்கு உடன்பாடு இல்லை, நீதியின் நலன் கருதி மேலே அனுப்புவது அவசியம் என்று அவர் தெளிவாக நினைக்கிறார் என்றால், தீர்ப்பு எழுதாமல் வழக்கை அப்படியே உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடலாம். உயர் நீதிமன்றம் சாட்சியம் முழுவதையும் பார்க்கும். செஷன்ஸ் நீதிபதியின் கருத்துக்கும் ஜூரர்களின் கருத்துக்கும் உரிய மதிப்பு கொடுக்கும். பிறகு தானே விடுவிக்கும், அல்லது தானே தண்டிக்கும்.

அந்த ‘உரிய மதிப்பு’ எவ்வளவு என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தன. 1946இல் ராமானுக்ரா சிங் வழக்கில் பிரிவி கவுன்சில் ஓர் அளவுகோல் வைத்தது. நியாயமாக யோசிக்கிற எந்த மனிதர் குழுவும் அந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியுமா? முடியும் என்றால், நீதிபதிக்குப் பிடிக்காவிட்டாலும் ஜூரர்கள் சொன்னதே நிற்கும். முடியாது என்றால்தான் கை வைக்கலாம்.

மேத்தா அந்த அளவுகோலையே எடுத்தார். நியாயமான எவரும் இந்த முடிவுக்கு வரமாட்டார்கள் என்று எழுதி, கட்டை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்.

பொதுவாகச் சொல்லப்படும் கதையில் இந்த இடத்தில் மேத்தாதான் நியாயவான். ஒன்பது பேர் பத்திரிகையைப் படித்து மயங்கினார்கள், நீதிபதி ஒருவர் மட்டும் நிதானமாக இருந்தார் என்று முடித்துவிடுவார்கள். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் எழுதிய தீர்ப்புகளைப் படித்தால், அந்தக் கதை நிற்காது.

ஜூரி வழக்கு ஒன்றை மேல் நீதிமன்றம் ஆராய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நீதிபதி தனியாக விசாரித்தால் நூறு பக்கம் தீர்ப்பு எழுதுவார். இந்தச் சாட்சியை நம்பினேன், இவரை நம்பவில்லை, காரணம் இது என்று எல்லாம் அதில் இருக்கும். ஜூரர்கள் காரணம் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அறைக்குள் போகிறார்கள், வெளியே வந்து ஓரிரு சொல்லில் முடிக்கிறார்கள். மேலே இருக்கிறவர்கள் எதைப் படித்துப் பிழை காண்பது? எழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: சாட்சியம் முடிந்தபின், ஜூரர்கள் அறைக்குள் போவதற்கு முன், நீதிபதி அவர்களுக்கு ஆற்றிய விளக்கவுரை. இரு தரப்புச் சாட்சியத்தையும் தொகுத்து, பொருந்தும் சட்டத்தை எடுத்துச் சொல்வது அவர் கடமை. பிரிவு 297 அப்படித்தான் விதித்தது. அதனால் ஜூரர்களின் முடிவு மேலே போகும்போதெல்லாம் கூண்டில் ஏறுகிறவர் பெரும்பாலும் நீதிபதிதான். அவர் உரையைத்தான் வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

மேத்தாவின் உரையையும் அப்படிப் பிரித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஷெலத்தும் நாயக்கும். அரசுத் தரப்பில் ஒய்.வி. சந்திரசூட்; பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதி ஆனவர்.

முதல் பிழை, வழக்கின் உயிர்நாடியான ‘விபத்து’ பற்றியது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 80: குற்ற எண்ணம் இல்லாமல், சட்டப்படியான ஒரு செயலை, சட்டப்படியான முறையில், தக்க கவனத்தோடு செய்யும்போது விபத்தாக நேர்ந்துவிட்டால் அது குற்றம் ஆகாது. இது ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கைக் கேட்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட சூழ்நிலை இருக்கவில்லை என்றே நீதிமன்றம் ஆரம்பத்தில் அனுமானித்துக்கொள்ளும் என்று அன்றைய சாட்சியச் சட்டம் பிரிவு 105 சொன்னது.

மேத்தா பிரிவு 80ஐ வாசித்துக் காட்டினார். இழுபறி நடந்தது என்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது, விபத்து என்பதுதான் காப்பாற்றும் என்றும் சொன்னார். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு, சரியான பதில் வராவிட்டால் அடிக்கும் எண்ணத்தோடு ஒருவர் வீட்டுக்குப் போவது தக்க கவனமா என்று யோசியுங்கள் என்றும் சொன்னார். கேட்பவருக்கு இதெல்லாம் நானாவதிக்கு எதிராகப் பேசியதுபோலவே இருக்கும். ஆனால் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டார். விபத்து என்று காட்டும் பொறுப்பு நானாவதியுடையது, சட்டத்தின் அனுமானம் அவருக்கு எதிராக நிற்கிறது என்பதைச் சொல்லவே இல்லை. ‘சட்டப்படியான செயல்’, ‘சட்டப்படியான முறை’, ‘தக்க கவனம்’ என்பவற்றுக்குச் சட்டத்தில் என்ன அர்த்தம் என்றும் விளக்கவில்லை. உண்மைகளைத் தீர்மானிக்கிறவர்கள் நீங்கள், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று அவர்கள் தலையில் வைத்துவிட்டார். தம் வேலையை ஜூரர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் பிற்பாடு கண்டித்தது இதைத்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விதிவிலக்கைக் காட்டும் பொறுப்பு எதிரியுடையது என்பதால், குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பிலிருந்து நழுவிவிடுவதில்லை. விபத்து என்று முழுமையாகக் காட்ட முடியாவிட்டாலும், அதற்காக அவர் கொண்டுவந்த சாட்சியமே, கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதில் நியாயமான சந்தேகத்தைக் கிளப்பிவிட்டால் அவர் தப்பலாம். இரண்டு சுமை, இரண்டு தோள். வழக்கறிஞர்களே தடுமாறும் இடம் இது. கடையையும் அலுவலகத்தையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த ஒன்பது பேருக்குத் தானாக விளங்கியிருக்க வழியில்லை. யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

அடுத்தது கடிதங்கள். சில்வியா அஹுஜாவுக்கு எழுதிய கடிதங்கள் சான்றாவணங்களாக இருந்தன. 1958 மே மாதக் கடிதங்களும் 1959 மார்ச் 19 தேதியிட்ட ஒன்றும். அஹுஜாவை மணந்துகொள்ள சில்வியா விரும்பினார் என்பது ஒன்றில் தெரிந்தது. மார்ச் மாதக் கடிதம், அஹுஜா வேறு பெண்களை மணப்பது பற்றிப் பேசி நழுவத் தொடங்கியிருந்ததைக் காட்டியது. அந்த மதியம் மனைவி எந்த மனநிலையில் என்ன சொல்லியிருப்பார், கணவர் எதை மனத்தில் வைத்துக்கொண்டு செதல்வாட் சாலைக்குப் போயிருப்பார் என்பதற்கெல்லாம் இதைவிட நெருக்கமான ஆவணம் கிடையாது. மேத்தா கடிதங்கள் இருப்பதைக் குறிப்பிட்டார்; அவற்றை ஜூரர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. கொலை வழக்கில் நோக்கத்தைச் சொல்லும் காகிதத்தை எடுத்துப் படிக்காமல் அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போன நீதிபதியை என்னால் இன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை.

மூன்றாவது, நானாவதி தன் வாயாலேயே சொன்னவை. சுட்டுவிட்டு வெளியே வந்தபோது கட்டடக் காவலாளி வழி மறித்தார். தன் மனைவியோடு அஹுஜாவுக்குத் தொடர்பு இருந்தது, அதனால் கொன்றேன் என்று அவரிடம் நானாவதி சொன்னதாகச் சாட்சியம். பிறகு கடற்படையின் காவல் அதிகாரி ஒருவரிடம் ஒருவரைச் சுட்டுவிட்டதாகச் சொன்னார். அதன்பின் லோபோவிடமும் சொன்னார். இவர்களில் எவரிடமும் ‘இழுபறி’, ‘விபத்து’ என்ற பேச்சே வரவில்லை. தானாக வெடித்தது என்றால், மனிதர் முதலில் சொல்வது அதைத்தானே? இவற்றை ஒன்றாகச் சேர்த்து, நீதிமன்றத்துக்கு வெளியே அளித்த ஒப்புதல் என்று ஜூரர்கள் முன் வைத்து, அதன் எடையை விளக்கியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. சூழ்நிலைச் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று அவர் சொன்ன விதத்திலும் குறை கண்டார்கள்.

ஷெலத் இந்தப் பிழைகளைப் பிடித்துக்கொண்டார். விளக்கவுரை கெட்டது, ஆகவே முடிவும் கெட்டது. இனி சாட்சியத்தை நாமே புதிதாகப் பார்க்கலாம் என்று போய், கொலைதான் என்று முடித்தார். அதோடு, ஜூரர்களின் முடிவே நியாயமற்றது என்று மாற்றுக் காரணமும் எழுதி வைத்தார். நாயக் அந்த மாற்றுக் காரணத்தையே தன் வழியாக எடுத்துக்கொண்டார்: நியாயமான எவரும் வரமுடியாத முடிவு இது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. ஆனால் ஒரு வழியில் குற்றம் நீதிபதி மேல். மற்றதில் ஜூரர்கள் மேல். ஊர் நினைவில் தங்கியது நாயக்கின் வழி மட்டும்.

எனக்கு ஷெலத்தின் வழியே நேர்மையாகப் படுகிறது. ஆனால் அதில் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாததால் ஒன்பது பேர் வழி தவறினார்கள் என்றால், வேறு ஒன்பது பேரை உட்காரவைத்துச் சரியாகச் சொல்லிப் பார்ப்பதுதானே முறை? பிரிவு 307 அதைக் கட்டாயமாக்கவில்லை. பிழை செய்தவர் நீதிபதி. அதன் விளைவாகத் தீர்ப்பு சொல்லும் உரிமை போனது ஜூரர்களுக்கு. அது போய்ச் சேர்ந்ததும் நீதிபதிகளிடமே. 1960 மார்ச் 11 அன்று உயர் நீதிமன்றம் நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

உச்ச நீதிமன்றத்தில் நானாவதிக்காக ஜி.எஸ். பாடக் வந்தார், பிற்பாடு குடியரசுத் துணைத் தலைவர். அவர் அடித்தது அடித்தளத்திலேயே. பிரிவு 307இன்படி வந்த வழக்கில் விளக்கவுரையின் பிழையைக் காரணமாக வைத்து முடிவைத் தள்ளவே முடியாது. அது மேல்முறையீட்டுக்கு உரிய காரணம். இங்கே மேல்முறையீடு எதுவும் இல்லையே என்றார். கூர்மையான வாதம்தான். மூன்று நீதிபதிகள் அமர்வில் தீர்ப்பை எழுதியவர் கே. சுப்பா ராவ், சென்னையில் வழக்கறிஞராகவும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்து போனவர், பின்னாளில் தலைமை நீதிபதி. 1961 நவம்பர் 24 அன்று வந்த தீர்ப்பில் அவர் பாடக்கின் வாதத்தை ஏற்கவில்லை. 307இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அகலமானது. மேல்முறையீட்டில் செய்யக்கூடியதை இதிலும் செய்யலாம். கெட்ட உரையின் மேல் எழுந்த முடிவை ஒதுக்கிவிட்டுச் சாட்சியத்தைத் தானே எடைபோடலாம். அப்படி எடைபோட்டால் கொலைதான். நாயக் சொன்னதையும் விடவில்லை: நியாயமான எவரும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது, அதனாலும் அது நிற்காது என்று சேர்த்து எழுதினார்.

திடீர்க் கோபத்தில் செய்தது என்ற வாதமும் எடுபடவில்லை. ஒன்றரை மணிக்குக் கேள்விப்பட்டவர், குடும்பத்தைச் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டு, கப்பலில் பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கி வாங்கி, அலுவலகத்தில் தேடி, வீட்டுக்கு வந்து நாலு இருபதுக்குச் சுட்டார். நிதானத்துக்குத் திரும்ப நேரம் இருந்தது என்றது நீதிமன்றம். இழுபறிக்குப் பிறகும் அவிழாத துண்டும் கணக்கில் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. எட்டு ஜூரர்களை நம்பவைத்த அந்த விபத்துக் கதையை, அதாவது பிரிவு 80ஐ, உச்ச நீதிமன்றத்தில் நானாவதியின் வழக்கறிஞர் நம்பி நிற்கவே இல்லை. தீர்ப்பே அதைக் குறித்து வைத்திருக்கிறது.

இந்த வழக்கோடு இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. ஜூரியை எடுத்துவிடலாம் என்று எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் சொன்னது 1958இல். அஹுஜா அப்போது உயிரோடு இருந்தார். நானாவதி தீர்ப்புக்குப் பிறகும் நாட்டின் சில பகுதிகளில் ஜூரி விசாரணை நடந்துகொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது சட்டப் புத்தகத்திலிருந்து போனது.

நானாவதி தண்டனையை எப்படி அனுபவித்தார் என்று கேட்பீர்கள். உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே நாளில் பம்பாய் ஆளுநரிடமிருந்து ஓர் ஆணை வந்தது: உச்ச நீதிமன்ற மேல்முறையீடு முடியும் வரை தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது, அதுவரை அவர் கடற்படைக் காவலில் இருப்பார். கையெழுத்திட்டவர் ஸ்ரீபிரகாசா; 1952இல் சென்னையில் ஆளுநராக இருந்து ராஜாஜியை ஆட்சி அமைக்க அழைத்தவரேதான். கைது வாரண்டோடு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நீதிமன்றம் பெரிதா, ஆளுநர் மாளிகை பெரிதா என்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சண்டையும், 1964இல் விஜயலட்சுமி பண்டிட் ஆளுநராக இருந்தபோது வந்த மன்னிப்பும் அடுத்த வாரம்.